தூங்குவதற்கு ஓர் ஆள்

தூங்கியதால் வேலை போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தூங்குவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டவன் தலையணை ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அந்த வேலையையாவது உருப்படியாகச் செய்தானா என்றால், அதுவும் இல்லை.

தலையணை என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பாடவேளை முடிவதற்குள் அவன் தலை பக்கத்துப் பையனின் தோளில் சாய்ந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பையனைத்தான் தலையணை என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் பட்டப்பெயர் வைப்பவர்கள் என்றைக்கு நியாயம் பார்த்தார்கள்? நாற்பத்தைந்து வயதாகியும் பெயர் அவனை விடவில்லை, பழக்கமும் விடவில்லை.

அவன் சோம்பேறி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்துவிடுகிறார்கள். வேலை என்றால் விடியுமுன் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, முதல் ஆளாகப் போய் நிற்பான். நிற்கிற வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. உட்கார்ந்தால்தான் போச்சு. சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் வேலையில் இருந்தபோது, ஒருவருக்கு இருக்கை காட்டிவிட்டு அந்தப் பக்கத்து இருக்கையிலேயே தூங்கிப்போனான். டார்ச் மட்டும் படம் முடியும் வரை திரையில் கதாநாயகியின் மூக்கில் எரிந்துகொண்டிருந்தது. மெத்தைக் கடையில் விற்பனையாளனாக இருந்தபோது வாடிக்கையாளர்கள் அவனை எழுப்ப மனமில்லாமல் கால் விரலில் நடந்து வெளியே போய்விட்டார்கள். கிடங்கு ஒன்றில் காவலுக்கு வைத்தார்கள். அந்தக் கதையை அவன் முன்னால் யாரும் எடுப்பதில்லை. இரும்புக் கதவையே கழற்றிக்கொண்டு போன திருடர்கள், போகிற போக்கில் அவனுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒவ்வொரு முறை வேலை போகும்போதும் அவன் நேராக அக்கா வீட்டுக்கு வருவான். ஒவ்வொரு முறையும் அக்கா, "சரி விடு, கை கழுவிட்டு வந்து சாப்பிடு" என்பாள். கடைசியாக வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். பின்கட்டில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். அக்கா வீட்டிலேயே திரைச்சீலை தைத்து விற்பவள். துணி வெட்டும்போது நுனியைப் பிடித்துக்கொள்வது, தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது எல்லாம் இவன் வேலை. ஏணி மேல் நின்று செய்கிற வேலை என்பதால் தூக்கம் வராது. அக்கா யோசித்துத்தான் அதைக் கொடுத்திருந்தாள்.

அத்தான் தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவில் இருப்பவர். பார்சல் கட்டுவது அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, வியாதியும்கூட. ஒட்டும் நாடா ஒரு சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுவார். தோசைக்கல்லைக்கூட, அழுத்தினால் படபடவென்று வெடிக்குமே அந்தக் குமிழித்தாளில் சுற்றி வைப்பார். பேச்சும் அதே மாதிரி. நாலு சுற்றுச் சுற்றித்தான் விஷயத்தை எடுப்பார், சில சமயம் எடுக்கவே மாட்டார்.

இப்படியிருந்த வீட்டை விற்பதென்று முடிவானது. அத்தானுக்கு வேலை நகரத்தின் மறுகோடிக்கு மாறிவிட்டது, அக்கா மகளின் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். அங்கே ஒரு அடுக்குமாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டை வாங்கினார்கள். எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். தலையணையும் போனான். ஒரு அறை அக்காவுக்கும் அத்தானுக்கும். இன்னொன்று மகளுக்கு; அதில் புத்தக அலமாரி வந்தால் அவளே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கூடத்தில் அக்காவின் தையல் மெஷினும் துணி வெட்டும் மேஜையும். மற்றவர்கள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தலையணை பால்கனிக்குப் போய், தரை ஓடு சமமாக இருக்கிறதா என்று பார்ப்பவன் போல மெல்லப் படுத்து, கண்ணை மூடிப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டான்.

அவனை எங்கே வைப்பது என்று ஒருத்தரும் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

மாற்றல் உத்தரவு அவசரம் என்பதால் துணிமணி, புத்தகம், தையல் மெஷின் ஆகியவற்றோடு அவர்கள் முதலில் குடிபோவது, பெரிய சாமான்கள் எல்லாம் வீடு விற்கும் வரை பழைய வீட்டிலேயே இருப்பது என்று தீர்மானமானது. இது வீட்டுத் தரகரின் யோசனை. அவரை எல்லாரும் வெளிச்சம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் "நல்ல வெளிச்சம் சார்" என்பார். ஜன்னலே இல்லாத சாமான் அறைக்குள் நின்றுகொண்டு, எதிரே நிற்பவர் முகம் தெரியாத இருட்டில் அதையே சொன்ன மனிதர்.

"காலி வீடுன்னா ஒரு களையே இருக்காது சார். சோபா, கட்டில், பீரோ, அந்தத் தொங்கு விளக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும். வர்றவங்க பாத்தவுடனே வாழ்ந்தா இங்கதான் வாழணும்னு நெனைக்கணும்."

தொங்கு விளக்கு என்றதும் அத்தானின் முகம் மலர்ந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, எந்த நேரத்தில் என்ன புத்தி வந்ததோ, அவர் வாங்கிய ஆடம்பரம் அது. நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சொட்டுகள். கரண்ட் செலவுக்குப் பயந்து யாரும் அதை ஏற்றியதில்லை.

அப்போதுதான் அக்காவுக்கு இன்ஷூரன்ஸ் ஞாபகம் வந்தது. ஒரு தடவை குழாய் உடைந்து, தைத்து அடுக்கியிருந்த திரைச்சீலைகள் எல்லாம் நனைந்து நாசமாகி, அதற்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒழுங்காக ஈடு கொடுத்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பாலிசி மேல் அப்படியொரு நம்பிக்கை. உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள். வீட்டை விற்கிறோம் என்பதால் சாமான்களுக்கான காப்பு போய்விடாது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆளே குடியில்லாமல் வீடு கிடந்தால் திருட்டுக்கும் தண்ணீர்க் கசிவுக்கும் ஈடு கிடையாது.

"அப்போ தினம் வந்து பாத்துட்டுப் போனா போதுமா?" என்று கேட்டாள் அக்கா.

"போதாது மேடம். குடியிருக்கணும். ராத்திரி யாராவது அங்க தூங்கணும்."

அக்கா போனை வைக்கவில்லை. அப்படியே திரும்பி, சோபாவைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். மகளும் பார்த்தாள். சோபாவில் தலையணை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

எழுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். அவனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "கேலி பண்றீங்களா?" என்று கேட்டான்.

"கேலி இல்லடா. உன்னை நம்பித்தான் இத்தனை சாமானையும் விட்டுட்டுப் போறோம்" என்றாள் அக்கா.

அத்தான் மணிக்கட்டு நாடாவை உருட்டியபடி, "வீடு விக்கிற வரைக்கும் நீ இங்கேயே இரு மச்சான். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. அந்த மூன்று சொற்கள் தலையணையின் நெஞ்சில் கல்லாக விழுந்தன. ஆனாலும் தலையை ஆட்டினான். பொறுப்பு என்று ஒன்றை யாரும் அவனிடம் கொடுத்ததில்லை. அதுவும் அவனுக்குத் தெரிந்த ஒரே தொழிலில்.

அவர்கள் குடிபோன அன்று மாலை அவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கதவையெல்லாம் இரண்டு தரம் பூட்டிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்தான். கண்ணை மூடினான். தூக்கம் வரவில்லை.

தியேட்டரிலும் கிடங்கிலும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியும் கூப்பிடாமலேயே ஓடி வந்த தூக்கம், வா வா என்று கெஞ்சிக் கூப்பிட்ட அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் புரண்டான், வலது பக்கம் புரண்டான். சோபாவுக்கு மாறினான். மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தான். வீடு போனால் எங்கே போவது என்ற நினைப்பு ஒரு பக்கம், தூங்காவிட்டால் பாலிசி என்ன ஆகும் என்ற கவலை இன்னொரு பக்கம். விடிந்தபோது கண்கள் இரண்டும் தக்காளி மாதிரி இருந்தன.

இப்படியே நாலைந்து நாள் போயிற்று. கடைசியில் பொறுக்க மாட்டாமல் அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"என்னத்தை உடைச்ச?"

"எதையும் உடைக்கல. நான் தூங்கவே இல்லக்கா. நீங்க போனதுலேருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுவது நின்றுவிட்டது. "யாரு பேசறது?" என்று கேட்டாள் அக்கா.

அவள் நம்பவில்லை. சூடு அதிகமாகியிருக்கும், மோர் குடி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தலையணைக்கு மனசு கேட்கவில்லை. தூங்கணும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தூங்காமல் வெறுமனே படுத்துக்கிடப்பது ஒருவிதத்தில் அவர்களை ஏமாற்றுவதுதானே? இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கே போன் போட்டான். அதே பெண்தான் எடுத்தாள்.

"மேடம், நான்தான் அந்த வீட்ல தூங்கறவன்."

"எந்த வீட்ல சார்?"

அவன் விலாசம் சொன்னான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லிடறேன். நான் தூங்கலை. படுக்கறேன், ஆனா தூங்கலை. இதனால பாலிசிக்கு ஏதாவது..." என்று இழுத்தான்.

அந்தப் பெண் தன் உத்தியோகத்தில் எத்தனையோ விதமான புளுகுகளைக் கேட்டிருப்பாள். இந்த மாதிரி ஒரு நேர்மையை அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னாள். "சார், நீங்க தூங்கறீங்களா, முழிச்சிட்டிருக்கீங்களான்னு நாங்க வந்து பாக்க மாட்டோம். வீட்ல ஆள் இருக்கணும், அவ்வளவுதான்."

"பகல்ல தூங்கினா கணக்குல வருமா?"

"சார்..."

"இல்ல, அதுவும் வரமாட்டேங்குது. சும்மா கேட்டேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது போனிலேயே தெரிந்தது. போனை வைப்பதற்கு முன்னால், வேண்டாத வேலையாக இன்னொன்றையும் சொல்லி வைத்தாள். வீடு பார்க்க வருகிறவர்களை நாமாகக் கதவு திறந்து உள்ளே விட்டு, அவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டு போனால், அதற்கு ஈடு கேட்க முடியாது. பூட்டை உடைத்தால்தான் திருட்டு. "அதனால வர்றவங்க மேல ஒரு கண் வெச்சுக்குங்க சார்."

ஒரு கண் என்று அவள் சொன்னாள். தலையணை இரண்டு கண்ணையும் வைத்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான் என்பார்களே, அப்படி. வீடு பார்க்க வருகிறவர்களின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தான். அவர்கள் பீரோவைப் பார்த்தால் இவன் அவர்கள் கையைப் பார்த்தான். அவர்கள் கூரையைப் பார்த்தால் இவன் அவர்கள் பையைப் பார்த்தான். ஐந்து பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தது. திரும்பிப் போகும்போது நாலு பிள்ளைகள்தான் இருந்தார்கள். பெற்றவர்களே கவனிக்காததை இவன் கவனித்து, பீரோவைத் திறந்து ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தான். தாயார் நன்றி சொல்லிவிட்டு அதன் மண்டையில் ஒன்று வைத்தாள்.

இன்னொரு நாள் கண்ணியமான ஒரு வயசான தம்பதி வந்துவிட்டுப் போனதும் டிவி ரிமோட்டைக் காணவில்லை. தலையணை தலைதெறிக்க ஓடினான். தெருமுனைப் பள்ளிக்கூடம் வரைக்கும் துரத்திக்கொண்டு போய், மூச்சு வாங்க அவர்கள் எதிரில் நின்றான். "ரிமோட்..." என்றான். அந்தப் பெரியவர் அவன் சட்டைப் பையையே உற்றுப் பார்த்தார். அதிலிருந்து ரிமோட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வீடு நமக்கு வேண்டாம்" என்று அந்த அம்மா கணவரிடம் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

அவமானமாக இருந்தாலும், திரும்பி நடக்கும்போது தலையணைக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி. ஐயோ, நிம்மதியா? அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. வீடு விற்காமல் போனதில் தனக்குச் சந்தோஷம் என்று அப்போதுதான் தெரிந்தது. விற்காத வரைக்கும் அவனுக்கு வேலை உண்டு, கட்டில் உண்டு. விற்றுவிட்டால் அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. ஆனால் அக்காவோ தினமும் போன் செய்து, "யாராவது வந்தாங்களா? பிடிச்சிருக்கா?" என்று கேட்கிறாள். புது வீட்டுக் கடனும் பழைய வீட்டு வரியுமாக அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. சோறு போட்ட அக்காவுக்குத் துரோகம் நினைக்கிறோமே என்று அவன் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டான்.

போட்டுக்கொண்டும் நினைப்பு போகவில்லை. அந்த வாரம் வெளிச்சம் உற்சாகமாக வந்து, "நாளைக்கு ஒரு நர்ஸம்மா வர்றாங்க. கையில ரொக்கம். பாத்தா முடிச்சிடுவாங்க" என்றபோது, தலையணை வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். பொய் சொல்லக் கூடாது, ஆனால் வீட்டின் குறையை மறைக்காமல் சொல்லலாம். அதில் என்ன தப்பு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். எத்தனை யோசித்தாலும் குறைதான் அகப்படவில்லை. அத்தான் கட்டிய வீடு. முன்பு உடைந்த குழாய்கூட இப்போது ஒழுகவில்லை. கடைசியில் ஒரே ஒரு குறை தட்டுப்பட்டது. வாழ்நாள் முழுக்க அவனைத் துரத்திய குறை; அதை வீட்டின் தலையில் கட்டினால் போயிற்று.

நர்ஸம்மா கணவரோடு வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். கணவர் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். வெளிச்சம் கூடத்தில் நின்று, "நல்ல வெளிச்சம்" என்று ஆரம்பித்தார்.

"வெளிச்சம் எதுக்குங்க எனக்கு? ராத்திரி டியூட்டி. பகல்லதான் வீட்ல இருப்பேன்" என்றாள் அவள் எரிச்சலோடு.

அவர் சுவரைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். தொழிலில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. இதுதான் சமயம் என்று தலையணை முன்னால் வந்தான்.

"அம்மா, நான் ஒரு விஷயம் சொல்லணும். அப்புறம் என் மேல பழி வரக் கூடாது. இந்த வீட்ல பெரிய குறை ஒண்ணு இருக்கு."

தரகர் முகம் வெளிறியது. நர்ஸம்மா இடுப்பில் கை வைத்து, "என்ன குறை?" என்றாள்.

"இங்க முழிச்சிருக்கவே முடியாது. வாங்க, காட்டறேன்." பின்கட்டு அறைக்கு அழைத்துப் போனான். "இந்த ஜன்னல் பக்கம் மதியத்துல ஒரு காத்து வரும் பாருங்க, ஆளை அப்படியே அமுக்கிடும். வெளிச் சத்தம் எதுவும் கேக்காது. கதவை இடிச்சாக்கூட கேக்காது. நான் நல்லாப் படிச்சு வந்திருக்க வேண்டியவன். எத்தனை வேலை போச்சு தெரியுமா? என் வாழ்க்கையையே இந்த வீடு கெடுத்துடுச்சும்மா. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு..." என்றபடி கட்டிலில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததுதான் தப்பு.

எத்தனையோ நாளாகப் பிடி கொடுக்காமல் இருந்த தூக்கம், சொல்லி வைத்த மாதிரி அந்த நொடியில் வந்து அவன் மேல் விழுந்தது. "வேற வீடு... பாருங்கம்..." என்பதோடு பேச்சு நின்றது. தலை சுவரில் சாய்ந்தது, வாய் திறந்துகொண்டது, மெல்லிய குறட்டை கிளம்பியது. பொய் சொல்லத் தெரியாதவன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நர்ஸம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. பகல் தூக்கம் என்ற ஒன்றை அவள் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. குழந்தைகள் மிட்டாய்க் கடையைப் பார்ப்பது மாதிரி அவள் அந்தக் குறட்டையைப் பார்த்தாள் என்று வெளிச்சம் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். "எழுப்பாதீங்க" என்று தரகரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டு, ஜன்னல் திரையை அவளே இழுத்து மூடினாள். பேரம் சமையலறையில், போனில் அக்காவோடு நடந்தது, எல்லாரும் கிசுகிசுத்த குரலில். கிசுகிசுப்பில் யாருக்கும் கறாராகப் பேச வராது. சீக்கிரமே முடிந்துவிட்டது.

தலையணை கண் விழித்தபோது வீடு விற்கப்பட்டிருந்தது.

அவனுக்கு அது தெரியாது. வெளியாட்கள் வீட்டுக்குள் இருக்கும்போது தூங்கிவிட்டோமே என்ற பதைப்பில் எழுந்து ஓடினான். டிவி இருக்கிறதா? இருக்கிறது. பீரோ? இருக்கிறது. தொங்கு விளக்கின் கண்ணாடிச் சொட்டுகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் குழம்பி, முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தபோது வெளிச்சம் பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். "உங்க கையைக் குடுங்க சார்! நீங்க எங்க இருந்தீங்க இத்தனை நாளா? அந்தக் கட்டிலையும் சேத்துக் கேக்கறாங்க!"

கட்டிலும் போச்சு. தலையணை சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான். விற்பனையைக் கெடுக்கப் போய் வீட்டைத் தானே விற்றுக் கொடுத்துவிட்டோம் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பத்திரம் முடிந்ததும் சாமான் ஏற்ற அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தானுக்கு அதுதான் பண்டிகை. நாற்காலிகள், பாத்திரங்கள், விளக்கு எல்லாம் குமிழித்தாளுக்குள் மறைந்துகொண்டே போயின. தலையணை தாளின் நுனியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய நாலு சட்டைகளை ஒரு பையில் போட்டுக் கதவோரமாக வைத்திருந்தான். எங்கே போகப் போகிறான் என்று அவனுக்குத் தெரியாது. மெத்தைக் கடை முதலாளி காலில் விழலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு கையால் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே, பாலிசியைப் புது வீட்டுக்கு மாற்றச் சொல்லி இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டு, போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். அந்தப் பெண்தான் பேசினாள். விலாசம் கேட்டாள். எத்தனையாவது மாடி என்று கேட்டாள்.

"புது வீட்ல எத்தனை பேர் இருப்பீங்க மேடம்?"

"நாலு பேர்" என்றாள் அக்கா, கரண்டியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

தலையணையின் கையில் இருந்த தாள் நழுவியது. "யாருக்கா நாலாவது?" என்று கேட்டான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நீதாண்டா. வேற யாரு? தரகரா?"

"ரெண்டு ரூம்தானே இருக்கு..."

"கூடம் என்னத்துக்கு இருக்கு? மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளியாச்சு, உனக்கு இந்தப் பக்கம் கட்டில். அளந்து செய்யச் சொல்லி அன்னிக்கே தச்சன்கிட்ட குடுத்துட்டேன். பால்கனியில படுத்து அளவு பாத்தியே, கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேனா? கால் பூரா கூடத்துல நீட்டிட்டுக் கெடந்தது, நானே தாண்டித்தான் போனேன்."

"அத்தான்தான் சொன்னாரு... வீடு விக்கிற வரைக்கும் இங்க இரு, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லன்னு..."

அத்தான் பல்லால் நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைத் துப்பிவிட்டு நிஜமான குழப்பத்தோடு கேட்டார். "ஆமா மச்சான். வித்தப்புறம் இங்க உனக்கு என்ன வேலை இருக்கு? அங்க வந்துட வேண்டியதுதானே?"

தலையணைக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆள், அரைகுறையாகக் கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, குமிழித்தாள் படபடவென்று வெடிக்க, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். தன்னை யாரும் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள் என்று அவன் தினமும் மனசுக்குள் புலம்பியிருந்தான். அக்கா ஒரு நாளும் மூன்று என்று எண்ணியதே இல்லை.

"பைத்தியம், பைத்தியம்" என்று அக்கா புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இவ்வளவு நாளும் இதைச் சுமந்துகொண்டா இவன் தனியாக இங்கே கிடந்தான் என்று அவள் மனசு ஆறவில்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "ஏதோ வெடிக்கற சத்தம் கேக்குதே. சாமான் ஏதாவது ஒடஞ்சிடுச்சா?"

"இல்லம்மா, ஒண்ணும் ஒடையல" என்றாள் அக்கா. "எல்லாம் முழுசாத்தான் வருது. நாலு பேருன்னே போட்டுக்குங்க."